செய்து காட்டல்

நூலகத்துக்கு முன்னால் மேசை போட்டிருந்தோம்.
பதாகையில் நீரிழிவின் ழகரம் ளகரமாகி
இளித்துக்கொண்டு தொங்கியது.
அதைப் படமெடுக்க வந்த கூட்டம்தான்
மறுகா எங்கள் கூட்டமாயிற்று.

ஒருவரும் விரல் தரவில்லை.
"எங்களுக்கு இருபத்திரண்டு வயசு,
வேணுமெண்டா அப்பாமாரைக் கூட்டி வாறம்"
கலைப்பீடத்துப் பெடியன்கள்
காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்கள்.
தாதி வந்த பஸ் ஏறாவூரில் நின்றுபோயிருந்தது.

"பயப்படாதீங்க, நோகாது" என்றேன்.
துண்டுப்பிரசுரத்தின் மூன்றாம் பக்கம்
எனக்கு மனப்பாடம்.
காட்டுவதற்காக
என் மோதிரவிரலை நானே குத்தினேன்.

ஒரு சொட்டு.
கருவி ஐந்திலிருந்து இறங்கி எண்ணியது.
இருநூற்றி எண்பத்தேழு.

சிரித்தார்கள்.
மெஷின் பழுது என்றான் விதுஷாங்கன்.
"சீனிச்சம்பல் திண்ட கையாலயே குத்தினயா?"
என்றாள் றிஸ்லா.
சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வந்து
அடுத்த விரல்:
இருநூற்றித் தொண்ணூற்றொன்று.

விதுஷாங்கன் பேசாமல் தன் விரலை நீட்டினான்.
தொண்ணூற்றெட்டு.
மெஷின் நல்லாத்தான் இருந்தது.

வினாக்கொத்து என்னுடையது.
இருபத்தைந்து வினா, விடைத்தாளும் என் கையெழுத்து.
பதினோராவது: அடிக்கடி தாகம்,
இரவில் பல தடவை சிறுநீர் – எதன் அறிகுறி?
அதைத் தட்டச்சு செய்த இரவில்
விடுதியின் நீண்ட நடையால்
நாலு தரம் போய் வந்தேன், ஃபோன் வெளிச்சத்தில்.
தாகத்துக்கு வந்தாறுமூலை வெயில் என்று பேர் வைத்தேன்.
உடுப்புத் தொய்ந்ததற்குச் சோதனைக் காலம்.
கன்டீன் தேத்தண்ணியின் மூன்று கரண்டிக்குப்
பேரே வைக்கவில்லை.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்
எழுபத்திமூன்றாம் இலக்கம்.
"அம்மா உள்ளுக்கா மகள்?"
பக்கத்து வாங்கில் இருந்தவ கேட்டா.
ஓமென்று தலையாட்டினேன்.
என் பேரைக் கூப்பிட்டபோது
கட்டுப்போட்ட காலை இழுத்து வழிவிட்டா.
ஒன்றும் கேட்கவில்லை.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து எடுக்கக்கூடியவள்
காலைக் குளிசையை மறந்தேன்.
விரிவுரையின் நடுவில் ஞாபகம் வரும்;
ஞாபகம் வந்ததையே விழுங்கியதாக எழுதிவைத்தேன்.
முதல் மாதக் கொப்பியில்
எத்தனை எண்கள் உண்மை என்று
எனக்கும் டொக்டருக்கும் தெரியும்.
அவர் ஏசவில்லை. பேனையை மூடி வைத்தார்.
அது ஏச்சைவிட மோசம்.

நோன்பு மாதம் வந்தது.
றிஸ்லாவின் ஸஹர் அலாரம் எனக்கும் சேர்த்து அடித்தது.
அவள் தொழுகைக்குப் போக
நான் சப்பாத்துக் கட்டி மைதானத்தைச் சுற்றினேன்.
முதல் நாள் ஒரு சுற்று. மாடுகள் பார்த்தன.
மாலையில் அவள் பேரீச்சம்பழம் ஒன்றைக் கிழித்துப்
பாதியை எனக்குத் தந்தாள்.
மற்றப் பாதி கேட்டேன்.
தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

கல்லடிக் கடற்கரையில் எல்லாரும் செருப்பைக் கழற்ற
நான் மட்டும் கழற்றாமல் நிற்கிறேன்.
"என்ன மகாராணி" என்கிறார்கள்.
இராவில் கைக்கண்ணாடி பிடித்து
உள்ளங்காலைப் பார்க்கிற மகாராணி.
என் கால்விரல்களுக்கு இடையில்
ஒரு மச்சம் இருப்பது
இருபத்துமூன்று வருடம் எனக்குத் தெரியாது.

இந்த வருடமும் மேசை. பதாகையில் ழகரம் சரி.
முதலாம் வருடத்துப் புள்ளை ஒருத்தி,
தண்ணிப் போத்தல் கையில், பாதிக்குமேல் காலி.
"நோகுமா அக்கா?"

"ஓம். கட்டெறும்பு கடிச்ச மாதிரி.
அது பெரிசில்ல. எண்ணைப் பாக்கிறதுதான்..."
மிச்சத்தைச் சொல்லாமல்
பஞ்சைப் பிரித்தேன்.
நகத்தில் மருதோன்றி பாதி அழிந்த சின்ன விரல்.
அழுத்தினேன்.

கருவி எண்ணத் தொடங்கியது.
ஐந்து. நாலு.